ஒன்று ஆமா, இரண்டு இல்லை

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் நலமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கடிதத்தை எப்படி ஆரம்பிப்பது? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன முறை அனுப்பிய கம்பளிச் சட்டையின் கை நீளம் சரியாக இருந்ததா, எழுது.

அப்பாவை முந்தாநாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கூட்டிவந்தோம் என்பது பேச்சுக்கு. தூக்கிக்கொண்டு வந்தோம். பின்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டிருக்கிறது. பேச்சு இல்லை, கை கால் இல்லை, ஸ்பூனில் கொடுத்தால் கொஞ்சம் விழுங்குகிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "புத்தி முழுசா இருக்கும்மா. எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. உடம்புக்குத்தான் உத்தரவு போய்ச் சேரல" என்றார். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷன். மோட்டார் ஓடுகிறது, கேபிள் அறுந்துவிட்டது என்று டாக்டருக்கு முன்னாலேயே அவருக்குப் புரிந்திருக்கும்.

ஒரு நல்ல சேதி உண்டு. அதைக் கண்டுபிடித்தது உன் அத்தான். பஸ் ஓட்டிவிட்டு வந்தவர் உடுப்பைக்கூட மாற்றாமல் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, நான் பேசுறது கேட்டா ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அப்பா சிமிட்டினார். அன்றிலிருந்து ஒரு சிமிட்டு ஆமா, இரண்டு சிமிட்டு இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் எழுத்து அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்ட வேண்டுமாம். நம் மொழியில் இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. ககர வரிசை முடிவதற்குள் அப்பா கண்ணை மூடிவிடுகிறார்.

இன்று காலையில் "டீ வேண்டாமாப்பா?" என்று கேட்டேன். ஒரு சிமிட்டு. ஆசையாக ஆற்றிக்கொண்டு போனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். விழுங்கப் பயப்படுகிறார் போல.

நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று என் தையல் கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரிவதில்லை. கேள்வி கேட்டே உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கிற படிப்பு என்று ஒரு தடவை சொன்னாயே, அது இதற்கு உதவுமா? போன் வேண்டாம். போனில் நாம் இரண்டு பேரும் அழுதே முடித்துவிடுகிறோம். எழுது.

உன் அக்கா

ஜனவரி 24

என் அக்காவுக்கு,

நான் சுகம். சட்டைக் கை சரியாக இருந்தது, நீ அளந்து தப்பிய துணி உண்டா? அப்பாவின் தலைமாட்டில் நின்று சின்னவள் எழுதியிருக்கிறாள் என்று உரக்கச் சொல்.

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதினோரு வருஷமாக நான் செய்யும் வேலையை முதல்முதலாக வீட்டில் ஒருவர் கேட்கிறீர்கள், அதுவும் இதற்காக.

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு மூடிய இயந்திரம். திறந்து பார்க்கக் கூடாது. கேள்வி கேட்கலாம், ஆமா அல்லது இல்லை என்று மட்டும் பதில் வரும். பதில்களைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தால், உள்ளே எத்தனை நிலைகள் இருக்கின்றன, எதிலிருந்து எதற்கு மாறுகிறது என்று சொல்லிவிடலாம். நிலை என்றால் என்ன என்பதற்கு அப்பாவின் லிஃப்ட் போதும். அது எங்கெல்லாம் போய்வந்தது என்பது அதற்கு ஞாபகமே இருக்காது. இப்போது எந்த மாடியில் நிற்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அதுதான் நிலை. ஒரே பட்டனை அழுத்தி இரண்டு விதமாக நடந்துகொண்டால், அது இரண்டு வேறு மாடிகளில் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாம் முடிந்ததும், "நான் கண்டுபிடித்தது இதுதான், சரியா?" என்று மொத்த ஊகத்தையும் சொல்லிக் கேட்க வேண்டும். தப்பென்றால் ஓர் எதிர் உதாரணம் வரும், திருத்திக்கொண்டு மறுபடி போக வேண்டும். ஆமா என்று வந்தால் வேலை முடிந்தது. இதில் நாங்கள் நம்புவது ஒன்றே ஒன்றைத்தான்: பதில் சொல்பவர், எங்கள் பேச்சில் ஆசிரியர், பொய் சொல்ல மாட்டார். "லிஃப்ட் பொய் சொல்லாது, பட்டன அழுத்துறவன்தான் தப்பா அழுத்துவான்" என்று அப்பா சொல்வாரே, அவரைவிட நல்ல ஆசிரியர் எனக்குக் கிடைக்க மாட்டார்.

தனித்தாளில் பட்டியல் இருக்கிறது. முதல் பத்தும் நமக்கு விடை தெரிந்த கேள்விகள். நான் எழுதியபடியே கேள். பதினொன்றிலிருந்து அவர் விருப்பங்கள்: டீ, ஜன்னல், போர்வை, ரேடியோ என்று தலைப்பு மட்டும் கொடுத்திருக்கிறேன். அவற்றை அவருக்குப் பழகின உங்கள் பேச்சிலேயே கேளுங்கள். கேள்வியை எழுதி நேரத்தை வீணாக்காதே, எண்ணை மட்டும் போடு. ஆமா என்றால் 1, இல்லை என்றால் 0. பதிலே வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடு. பதில் சொல்லாத ஆசிரியரிடம் எப்படிக் கற்பது என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சியே. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, தினமும்.

நான் வரவில்லையே என்று நீ கேட்கவில்லை. கேட்காததற்கும் சேர்த்து மன்னித்துவிடு. மார்ச்சுக்குள் கட்டுரையை அனுப்பாவிட்டால் இங்கே என் வேலையைப் புதுப்பிக்க மாட்டார்கள்.

சின்னவள்

பிப்ரவரி 11

பேராசிரியை அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ தூங்குகிறாயா இல்லையா?

உன் பட்டியலை என் அளவு நோட்டிலேயே கட்டம் போட்டு எழுதுகிறேன். ஒரு பக்கம் மார்பு, இடுப்பு, தோள்; எதிர்ப்பக்கம் அப்பா. காலை முறை என்னுடையது, கடைக்குப் போவதற்கு முன்னால். மாலை முறை உன் அத்தானுடையது, நான் கடையை மூடி வருவதற்குள் அவர் வந்துவிடுகிறார். அவர் கேட்பதைக் கேட்டால் சிரிப்பாய். ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற மாதிரி, "ஜன்னல்? தொறக்கவா?" என்று இரண்டே வார்த்தை. நான் தலையைத் தடவிக் கொடுத்து, "காத்து வர வேண்டாமாப்பா? ஜன்னலத் திறக்க வேண்டாமா?" என்று கேட்பேன். பட்டாளத்துக்காரர் மாதிரி நோயாளியிடம் பேசலாமா?

முதல் பத்தும் பிசகவே இல்லை. "உங்களுக்கு மூன்று பெண்களா?" என்று நீ வம்புக்கு எழுதிய கேள்விக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பழைய அப்பா பார்வை. சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் விருப்பக் கேள்விகளில்தான் ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் ஆமா என்று சிமிட்டுகிறார், ஜன்னலைத் திறந்தால் முகம் சுளிக்கிறார். டீ கொடுத்தால் வாயைத் திறப்பதில்லை. மாலையில் வேறு மாதிரி சொல்கிறாராம். ஒரு வாரக் கட்டங்களையும் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், நீயே பார்.

இன்னொன்று. வலது கால் சுண்டுவிரல் கறுத்திருக்கிறது. சர்க்கரை பழைய சிநேகிதம் அல்லவா. டாக்டர் நாளை வந்து பார்க்கிறார்.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்பு அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன், மூன்று நாளாகத் தூங்கவில்லை என்பதைத் தவிர. காலைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? உடனே எழுது.

உன் கட்டங்களைச் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். தெரிந்த விஷயங்களில் காலையும் மாலையும் ஒரே பதில். ஆனால் விருப்பங்கள் முப்பதிலும் காலையில் 1 என்றால் மாலையில் 0. எப்போதாவது காலையில் 0 வந்தால் மாலையில் 1. கிட்டத்தட்ட ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. இவ்வளவு சுத்தமான முரண்பாட்டை நான் இதுவரை பார்த்ததில்லை அக்கா. என் வழிகாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன்.

முரண்பாடு வந்தால் எங்கள் முறையில் குழப்பமே கிடையாது. பதில் சொல்பவர் பொய் சொல்ல மாட்டார் என்பதால், உள்ளே நாம் அறியாத இன்னொரு நிலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆகவே நம்மிடம் இருப்பது இரண்டு அப்பா. காலை அப்பா தூங்கி எழுந்தவர், உலகத்தில் எல்லாம் இன்னும் வேண்டும் என்பவர். மாலை அப்பா களைத்துப் போனவர், எதுவும் வேண்டாம் என்பவர். வாயை மூடிக்கொள்வதும் முகம் சுளிப்பதும் தசையின் கோளாறு, அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. சிமிட்டலை மட்டும் நம்பு.

முக்கியமானது எதையும் காலையில் கேள். தெளிவாக இருக்கும் அப்பாதான் நம் அப்பா.

சின்னவள்

மார்ச் 14

சின்னவளுக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

விரல் என்றது பாதமாகி, இப்போது கணுக்கால் வரைக்கும் வந்துவிட்டது. முழங்காலுக்கு மேல் எடுத்துவிட வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்தால் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ இருப்பார். எடுக்காவிட்டால் சில வாரங்கள், வலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். "அவருக்கு எல்லாம் புரியுதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்ப அவர்கிட்டயே கேளுங்க, அவர் சொல்றதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டார்.

நாற்பத்தொன்றாம் கேள்வி என்று எண் போட்டேன். ஐந்து நாள் கேட்டோம். காலையில் ஐந்தும் 1. மாலையில் ஐந்தும் 0. நீ சொன்ன இரண்டு அப்பாவும் அப்படியே வந்து நிற்கிறார்கள்.

உன் அத்தானுக்கும் எனக்கும் பெரிய சண்டை. "சாயங்காலம் அவரு தெளிவாத்தான் இருக்காரு. என் கண்ணப் பார்த்துட்டு, ரெண்டு தடவ அழுத்திச் சிமிட்டுறாரு. அது களைச்சுப்போன ஆள் சிமிட்டுற சிமிட்டா?" என்கிறார். டாக்டரிடம் கேட்டேன். பொழுது சாய்ந்தால் இந்த மாதிரி நோயாளிகளுக்குக் குழப்பம் வருவது உண்டு என்றார். உன் படிப்பும் அதையேதான் சொல்கிறது. பஸ் ஓட்டுகிறவர் எங்களைவிடக் கண்டுவிட்டாரா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேச்சைக் குறைத்துவிட்டார்.

எழுத்து அட்டையையும் எடுத்தோம். காலில் கத்தி வைப்பதைப் பற்றி அவரே சொல்லட்டும் என்று. முக்கால் மணி நேரம். "வே" வந்தது. பிறகு "ண்" வந்தது. டகர வரிசைக்குப் போவதற்குள் காய்ச்சல் ஏறிக் கண்ணை மூடிவிட்டார். வேண்டும் என்று முடிக்கத்தான் பார்த்திருப்பார். எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

நீ என்ன சொல்கிறாய்? தந்தி கொடு.

அக்கா

மார்ச் 26

அக்கா,

தந்தி கிடைத்திருக்கும். "காலையை நம்பு" என்று இரண்டே வார்த்தை அடித்துவிட்டு, அஞ்சல் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே பெஞ்ச்கூட இல்லை, படியில்தான். உன் உடம்பையும் பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் மறக்காதே. கடைசிக் கேள்வி. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மொத்தத்தையும் அவரிடம் சொல்: "அப்பா, காலை எடுக்கணும்னு நீங்க சொன்னதா நாங்க புரிஞ்சுக்கிட்டோம். நாங்க புரிஞ்சுக்கிட்டது சரியா?" அதற்கு வரும் பதில்தான் பதில். அது இல்லாமல் நாம் கண்டுபிடித்தது எல்லாம் வெறும் ஊகம்.

அத்தானிடம் கோபம் காட்டாதே. அவர் மாலை அப்பாவோடு இருப்பவர், அவருக்கு அந்த அப்பாதான் தெரியும்.

சின்னவள்

ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

எடுத்தாயிற்று. பிழைத்துக்கொண்டார்.

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே, போன மாதம் இருபத்தெட்டாம் தேதி காய்ச்சல் நூற்று நான்குக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உடனே என்று சொன்னார்கள், கையெழுத்துப் போட்டேன். உன் கடைசிக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தாலும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார், இல்லையா.

வீட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய கால்சட்டைகளில் வலது காலை மடித்துத் தைத்துக்கொண்டிருக்கிறேன். தைப்பதற்கு இன்னும் நிறைய இருக்கிறது, அதனால் இத்தோடு நிறுத்துகிறேன்.

அக்கா

ஏப்ரல் 25

என் அருமை அக்காவுக்கு,

கடிதம் கையில் கிடைத்ததும் ஆய்வுக்கூடம் என்றும் பார்க்காமல் சத்தம் போட்டு அழுதேன். பிழைத்துக்கொண்டார் என்ற வார்த்தையை வெட்டி மேஜை விளக்கில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? நின்று நின்று வெட்டும் வேலை, இடுப்பு வலி எப்படி?

இன்னொரு சந்தோஷம். கட்டுரை ஏற்றுக்கொள்ளப்படும் நிலையில் இருக்கிறது. வேலையும் புதுப்பித்துவிட்டார்கள். பதில் சொல்லாமல் விடும் ஆசிரியரிடம் கற்பது எப்படி என்பதற்கு அப்பாவின் கட்டங்களைத்தான் உதாரணமாக வைத்திருக்கிறேன். பெயர் போடவில்லை. "காலை நிலை, மாலை நிலை" என்று இரண்டு வட்டம் வரைந்து அம்புக்குறி போட்டிருக்கிறேன். வழிகாட்டி அதைப் பார்த்துவிட்டு, பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, "நல்லா இருக்கு" என்றார். அப்பாவிடம் இதைச் சொல். அவர் லிஃப்ட்டுக்குப் பிறகு அவரே என் பாடமாகிவிட்டார் என்று சொல், சிரிப்பார்.

ஆபரேஷனுக்குப் பிந்திய கட்டங்களை அனுப்பு. இரண்டு நிலையும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

உன் சின்னவள்

மே 30

அக்காவுக்கு,

சுகம்தானே? ஐந்து வாரமாக உன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் இல்லையே? ஏதாவது என்றால் அத்தான் தந்தி கொடுத்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர் ஒரே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்: "இரு வேளைகளிலும் கேட்கப்பட்ட கேள்வியின் சரியான வாசகம் என்ன?" நியாயமான கேள்வி. நான்தான் எண்ணை மட்டும் போடச் சொல்லிவிட்டேன். டீ, ஜன்னல், போர்வை, பிறகு நாற்பத்தொன்று. இந்த நான்கை மட்டும் நீ எப்படிக் கேட்டாய், அத்தான் எப்படிக் கேட்டார் என்று வாயால் சொன்னபடியே எழுதி அனுப்பு. கட்டங்களையும்.

என்மேல் கோபமா அக்கா? வராமல் இருந்துவிட்டேன் என்றா?

சின்னவள்

ஜூலை 2

சின்னவளுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. கோபம் இல்லை. உடம்புக்கும் ஒன்றும் இல்லை.

கடையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஏப்ரல் கடைசியில் ஒரு டீச்சர் சட்டை தைக்கக் கொடுத்தாள். மெல்லிய துணி. அளவு எடுத்துவிட்டு, "உள்ள லைனிங் வேண்டாமா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். லைனிங் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். மறுநாள் வந்து கடையே அதிர ஒரு சத்தம். "லைனிங் வேண்டாமான்னு கேட்டீங்க. ஆமா, வேண்டாம்னு சொன்னேன். காதுல விழலையா?" பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு லைனிங்கைப் பிரிக்க உட்கார்ந்தேன். பாதி பிரித்தபோது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று கடையைச் சீக்கிரம் மூடிவிட்டேன்.

நீ கேட்டது:

டீ. நான்: "டீ வேண்டாமாப்பா?" உன் அத்தான்: "டீ குடிக்கிறீங்களா?"

ஜன்னல். நான்: "ஜன்னலத் திறக்க வேண்டாமா?" அவர்: "தொறக்கவா?"

போர்வை. நான்: "குளிருதே, போத்திக்க வேண்டாமா?" அவர்: "போத்தவா?"

நாற்பத்தொன்று. நான்: "கால எடுத்துட்டா பொழச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றாருப்பா. எடுக்க வேண்டாமா?" அவர்: "கால எடுக்கலாமா மாமா?"

ஆபரேஷனுக்குப் பிறகு கட்டங்கள் கிடையாது. நான் பின்னறைக்குள் கால் வைத்ததும் அப்பா கண்ணை மூடிக்கொள்கிறார். உன் அத்தான் போனால் திறக்கிறார்.

இடது கால் கட்டைவிரலும் கறுத்திருக்கிறது.

அக்கா

ஜூலை 17

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

மாலை அப்பா என்று ஒருவர் இல்லவே இல்லை. காலை அப்பாவும் இல்லை. ஒரே அப்பாதான். கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருக்கிறார், ஒரு நாள்கூட மாறவில்லை. "எடுக்க வேண்டாமா?" ஆமா, வேண்டாம். "எடுக்கலாமா?" இல்லை. பத்துத் தடவை சொல்லியிருக்கிறார். எழுத்து அட்டையிலும் அதைத்தான் சொல்ல முயன்றிருக்கிறார். இரண்டு நிலை இருக்கிறது என்று நான் வட்டம் போட்டுக் காட்டினேனே, அந்த இரண்டும் நீயும் அத்தானும்.

நீ கேட்ட மாதிரிதான் நம் வீட்டில் எல்லோரும் கேட்போம். "சாப்பிட வேண்டாமா?" என்று நீ கேட்டால், ஆமா சாப்பிடணும் என்று நான் ஓடி வருவேன். நீ அன்பாகக் கேட்டாய். அப்பா வார்த்தைக்குப் பதில் சொன்னார். அவரிடம் ஒரே ஒரு பட்டன்தான் மிச்சம் இருந்தது, வேறு எப்படிச் சொல்வார்? பழகின பேச்சில் கேள், எண்ணை மட்டும் எழுது என்று சொன்னது நான். அவர் வாயை மூடிக்கொள்கிறார் என்று நீ எழுதியபோது, அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே என்று எழுதியதும் நான். எதிர் உதாரணம் தினமும் காலையில் ஒரு ஸ்பூன் டீயாக வந்துகொண்டிருந்தது. பதினோரு வருஷமாக அதற்காகவே படித்தவளுக்கு அது தெரியவில்லை. இவ்வளவு சுத்தமாகத் தலைகீழாக இருக்கிறதே, கேள்வியே தலைகீழா என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். நான் யோசிக்கவில்லை. எனக்கு அது அழகாக இருந்தது. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டேன். அது போகட்டும்.

இடது காலுக்கு மறுபடி கேட்பார்கள். இந்த முறை "வேண்டாமா" என்ற வார்த்தை உன் வாயில் வரக் கூடாது. நீ கேள், அத்தான் பக்கத்தில் இருக்கட்டும். பிறகு அன்று கேட்காமல் விட்ட கடைசிக் கேள்வியையும் கேட்டுவிடு. அவர் நம்மைத் தவறு என்று சொல்ல ஒரு தடவையாவது இடம் கொடுக்க வேண்டும். உன்னால் முடியாவிட்டால் எழுது, நான் வந்து கேட்கிறேன். நான் வரலாமா என்றும் கேள். அவர் என்னைப் பார்க்க விரும்புகிறாரா என்று தெரியாமல் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

சின்னவள்

ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை அத்தானிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் திட்டியிருக்கலாம்.

நேற்றுக் காலையில் கேட்டோம். டாக்டரும் இருந்தார். நான் உள்ளே போனதும் அப்பா வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா, நான் தப்பாக் கேட்டுட்டேன். நீங்க சரியாத்தான் சொன்னீங்க. இனிமே நேராக் கேக்குறேன்" என்றேன். பிறகு திறந்தார். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தார். கண் உள்ளே போய்விட்டது, மெலிந்துவிட்டார்.

"இந்தக் கால எடுக்கலாமா?"

இரண்டு சிமிட்டு.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார். இனி வலிக்கு மட்டும் மருந்து. நான்கு வாரம், அதிகமானால் ஆறு என்றார்.

பிறகு உன் கடைசிக் கேள்வி. "போன தடவையும் எடுக்காதீங்கன்னுதான் சொன்னீங்க. நாங்க அத எடுங்கன்னு புரிஞ்சுக்கிட்டோம். இப்ப நான் சொன்னது சரியா?"

ஒரு சிமிட்டு. தாமதமே இல்லை. கேள்வி முடிவதற்காகவே காத்திருந்த மாதிரி.

அதோடு வேலை முடிந்தது என்று எழுதியிருந்தாய் அல்லவா. முடிந்துவிட்டது. நம் அப்பா என்ன நினைக்கிறார் என்று நமக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

"டீ குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டேன். இரண்டு சிமிட்டு. ஊற்றவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டேன். இத்தனை மாதம் காலையில் நான் செய்ததெல்லாம் அவர் சொன்னதற்கு நேர்மாறு. குளிரும்போது போர்வையை எடுத்திருக்கிறேன், புழுங்கும்போது போர்த்தியிருக்கிறேன். அதையெல்லாம் உட்கார்ந்து நினைக்க எனக்கு ஆயுசு இருக்கிறது, இப்போது வேண்டாம்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். "சின்னவ வரட்டுமா?" இரண்டே வார்த்தை, நேரான கேள்வி, எந்தப் பக்கமும் புரளாது. அப்பா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிமிட்டவில்லை. கண்ணில் நீர் கோத்துக்கொண்டு வழிகிற வரைக்கும் இமையை அசைக்காமல் வைத்திருந்தார். அத்தான்தான் துடைத்துவிட்டார். இன்று காலையிலும் கேட்டேன். அதே மாதிரிதான்.

நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பதில் சொல்லாதவரிடம் எப்படிக் கற்பது என்று உனக்குத்தான் தெரியும். கிளம்பி வந்து நீயே கேள். நாட்கள் குறைவு.

உன் அக்கா